பாலாவியின் உப்பும் மழையின் சரித்திரமும்

புத்தளம் பட்டினத்துக்குத் தெற்கே, கொழும்பிலிருந்து வரும் நெடுஞ்சாலையை விட்டுக் கற்பிட்டிக்குச் செல்லும் பாதை பிரிகின்ற இடத்தில், களப்பின் தென்கோடியை அடுத்துக் கிடக்கும் பாலாவி என்னும் ஊர், இராசதானியாக விளங்கிய பெருமையோ, புகழ்பெற்ற யுத்தமொன்றின் களமாக நின்ற பெருமையோ உடையதன்று. ஆயினும், மழை என்னும் இயற்கைச் சக்தியை மனிதன் எவ்வாறு கவனித்தான், எவ்வாறு அளந்தான், எவ்வாறு அதன் சுபாவத்தை உணர்ந்தான் என்பதை ஆராயப் புகுவோர்க்கு இவ்வூரைக் காட்டிலும் பொருத்தமான இடம் இலங்கையில் அரிது. ஏனெனில், வானம் பொய்த்த ஆண்டில் உழவர் வருந்துவர். பாலாவியின் உப்பளத்தாரோ வானம் வேளை தப்பிப் பொழிந்த ஆண்டில் வருந்துவர்.

உப்புத் தொழிலின் இயல்பு அத்தகையது. ஆயிரம் பங்கு கடல்நீரில் ஏறக்குறைய முப்பத்தைந்து பங்கே உப்புக்கள் உள்ளன. களப்பு நீரைப் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலும் காற்றும் அதனைச் சிறிது சிறிதாக உறிஞ்ச விட்டு, ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றிக்கொண்டே வந்தால், முதலில் சுண்ணமும் பின்னர் ஜிப்சமும் படிந்து நீங்க, நீரின் கனம் போமே அளவுகோலில் சுமார் 25 பாகையை எட்டும்போதுதான் உணவுக்கு உரிய உப்பு விளையத் தொடங்குகின்றது. வாரக்கணக்காக நீடிக்கும் இந்தத் தவத்தை ஒரே இரவின் கனமழை குலைத்துவிடும். கனத்திருந்த நீர் மீண்டும் நீர்த்துப்போகும், விளைந்த உப்பு கரைந்து மறையும். ஆதலால் இங்குள்ளோர், தை மாசி மாதங்களை அடுத்து வரும் சிறிய வறட்சியையும், சோளகக்காற்று வீசும் ஆனி முதல் ஆவணி வரையிலான பெரிய வறட்சியையும் நம்பியே உப்பு வாரி வந்தனர். ஆண்டொன்றுக்குச் சுமார் 1,100 முதல் 1,200 மில்லிமீற்றர் மழையே பெறும் இப்பிரதேசத்தில், அம்மழையின் கணிசமான பங்கு ஐப்பசி கார்த்திகையில் பெய்து ஓய்வது அவர்களுக்கு இயற்கை வகுத்த நியதியாகவே தோன்றிற்று.

இக்கரையில் மழையின் வலிமையைக் குறித்து எழுதிய பழையவருள் ஒருவர் மொரோக்கோ யாத்திரிகர் இபின் பதூதா. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து வந்து, அவர் பத்தாலா என்று அழைத்த புத்தளக் கரையில் இறங்கி, அப்போது இங்கு தங்கியிருந்த யாழ்ப்பாண மன்னன் ஆரியச்சக்கரவர்த்தியின் உபசாரத்தைப் பெற்ற அவர், வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையோரமெங்கும் குன்றுகளைப் போலக் குவிந்து கிடந்ததை வியப்போடு குறித்திருக்கிறார். கறுவா வளர்வது உள்நாட்டின் ஈரமான காடுகளிலன்றி உப்பு விளையும் இவ்வறண்ட கரையில் அன்று. ஆகவே, தூரத்து மேட்டு நிலத்தில் பெய்த பெருமழை ஆறுகளின் வழியாக இக்கரையை வந்து அடைந்தது என்பதற்கு அக்குறிப்பு ஒரு பிரத்தியட்சச் சாட்சியாகும். கலா ஓயாவும் மீ ஓயாவும் இன்றும் புத்தளம் களப்பிலேயே வந்து கலக்கின்றன. தன் வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாலாவி தன் கதியை முழுவதும் அறிந்துகொள்ள இயலாது என்பதை அந்த ஆறுகள் உணர்த்துகின்றன.

பிற்காலத்தில் உப்பு அரசியலின் கருவியாயிற்று. மலைநாட்டைத் தலைமையாகக் கொண்ட கண்டி இராச்சியத்துக்கு உப்பு புத்தளம், சிலாபம் முதலிய கரைகளிலிருந்தே பெரிதும் சென்றது. அதனை அறிந்த ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டிக் களப்பின் வாயிலைக் காத்தனர். கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராஜசிங்கனோடு பொருத பின்னர் 1766ஆம் ஆண்டில் அவர்கள் செய்த உடன்படிக்கை கரையோரம் முழுவதையும் கண்டியிடமிருந்து பறித்தபோதிலும், மன்னனின் குடிகள் உப்பை அள்ளிச் செல்லும் உரிமையை அவர்களால் மறுக்க இயலவில்லை. அடுத்து வந்த ஆங்கிலேயர் உப்பை அரசாங்கத்தின் தனியுரிமை ஆக்கினர். கற்பிட்டியிற் பிறந்து, 1834ஆம் ஆண்டில் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகராதி முறையில் தொகுத்து வெளியிட்ட சைமன் காசிச்செட்டி போன்ற சுதேச அறிஞரின் உழைப்பினால் இக்கரையின் வரலாறு ஓரளவு எழுத்தில் நிலைத்தது. ஆனால், எந்த ஆண்டில் எந்த நாளில் எத்துணை மழை பெய்தது என்ற கணக்கு அக்காலத்தில் உப்பளத்தாரின் நினைவிலேயே தங்கியிருந்தது.

அந்த நினைவு எண்ணாக மாறியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலாகும். நில அளவைத் திணைக்களத்தின் பொறுப்பில் தொடங்கிய மழைப் பதிவு, 1907ஆம் ஆண்டில் கொழும்பில் வானிலை அவதான நிலையம் நிறுவப்பட்டபின் ஒழுங்கு பெற்றது. காலையில் ஒரு கிளார்க்கரோ ஆசிரியரோ தோட்டத் துரையோ மழைமானியைப் பார்த்து எழுதிவைத்த சிறு எண்கள் பத்தாண்டுகள் பல சேர்ந்தபோது ஒரு தேசத்தின் மழைச் சரித்திரமாக உருவெடுத்தன. அச்சரித்திரத்தை முறையாகக் கற்று விளக்கியவருள் முதன்மையானவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் புவியியல் அறிஞர் ஜோர்ஜ் தம்பையாபிள்ளை. 1954ஆம் ஆண்டில் வெளிவந்த தமது ஆராய்ச்சிக் கட்டுரையில் இலங்கை மழையின் லயத்தை அவர் ஐந்து பருவக் கூறுகளாகப் பகுத்தார். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மட்டுமே இந்நாட்டுக்கு மழை தருகின்றன என்ற எளிய எண்ணத்தை விலக்கி, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலங்களின் இடிமழையும், வங்கக்கடலின் தாழமுக்கங்களும் சூறாவளிகளும் உலர் வலயத்துக்குத் தரும் பங்கினை நிலைநாட்டினார். கீழ்மாகாணத்தை வாட்டும் கச்சான் காற்று, மலையைக் கடந்து இறங்கும்போது உலர்ந்து உஷ்ணமடைவதை 1958ஆம் ஆண்டில் அவரே விளக்கினார்.

லயத்தை அறிந்தபின் அந்த லயம் ஏன் தவறுகின்றது என்ற கேள்வி எழுதல் இயல்பே. இதற்கு விடை தேடியவர் காலநிலை ஆய்வாளர் ஆர். சுப்பையா. ஜப்பானியக் காலநிலை அறிஞர் மசதோஷி யோஷினோவுடன் சேர்ந்து 1984ஆம் ஆண்டில் இலங்கை மழையின் மாறுதல்களை ஆராய்ந்த இவர், 1989, 1997 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், பசிபிக் சமுத்திரத்துக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடும் நிகழ்ச்சியை இந்நாட்டு மழையோடு பொருத்திக் காட்டினார். அந்த ஊசலாட்டத்தை விரிவாக ஆராய்ந்து பெயரிட்டவர், இந்தியாவின் பஞ்சங்களுக்குக் காரணம் தேடிய கில்பர்ட் வாக்கர் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. அவ்வூசலாட்டத்தோடு இணைந்து கிழக்குப் பசிபிக் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் ஐப்பசி கார்த்திகை மழை இலங்கையில் மிகுவதையும், அதனை அடுத்த தை மாசியில் குறைவதையும் இவ்வாராய்ச்சிகள் உணர்த்தின. பின்னர் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய சுப்பையா, 1998ஆம் ஆண்டில் கெவின் ஹெனசியுடன் வெளியிட்ட ஆய்வில், 1910 முதல் 1990 வரையிலான பதிவுகளைக் கொண்டு அக்கண்டத்தின் மொத்த மழையையும், கனமழை நிகழ்வுகளையும், மழையில்லா நாள்களையும் தனித்தனியே கணித்தார். பாலாவியின் உப்பளத்தார் தலைமுறை தலைமுறையாக மனத்தில் கணக்கிட்டு வந்தவையும் இம்மூன்றே. ஓர் ஆண்டின் மொத்த மழை சராசரிக்கு அணித்தாக இருந்தபோதும், அதன் ஒரு பகுதி ஆடி மாதத்தில் பெய்துவிட்டால் அவ்வாண்டின் விளைச்சல் பாழ் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். விஞ்ஞானம் சராசரியைக் கடந்து எல்லைகளை ஆராயத் தொடங்கியபோது, அந்த அநுபவத்துக்கு அளவும் ஆதாரமும் கிடைத்தன.

எல்லை மீறிய மழை இத்தீவுக்குப் புதியதன்று. முன்னொரு காலத்தில் வன்னியின் நெடுங்கேணியில் ஒரே நாளில் 31 அங்குலத்துக்கு மேல் மழை பதிவாயிற்று. 1957 டிசம்பரின் பெருவெள்ளத்தில் உலர் வலயக் குளங்கள் பல உடைப்பெடுத்தன. 1964 டிசம்பரின் சூறாவளி மன்னாரைத் தாக்கியதோடு தனுஷ்கோடியையும் அழித்தது. 1978 நவம்பரின் சூறாவளியில் மட்டக்களப்பு சிதைந்தது. ஆனால், ஒரு நூற்றாண்டில் ஒருமுறை வந்தது அதே இடைவெளியோடுதான் இனியும் வரும் என்று எண்ணியிருக்க இயலாது. காற்றின் உஷ்ணம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு மிகும்; ஆகவே சூடேறிய உலகில் மழை பெய்யும் வேளையில் அது முன்னிலும் வன்மையாகப் பெய்வதற்கு இடமுண்டு. பருவம் தப்பிய மழையினால் உப்பு விளைச்சல் குன்றி, கடல் சூழ்ந்த இந்நாடு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது. அவ்வாண்டின் மே மாதத்திலும் கடைகளில் உப்புக்குத் தட்டுப்பாடு நிலவிற்று. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. புத்தளம் மாவட்டமும் வெள்ளத்தில் மூழ்கிற்று.

இச்சரித்திரம் நமக்கு விதிக்கும் கடமை தெளிவானது. உப்பளங்களின் பழைய விளைச்சல் ஏடுகளும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அன்றாட மழைப் பதிவுகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு ஆராயப்படல் வேண்டும்; எந்த அளவு மழை, எந்த மாதத்தில், எத்துணை உப்பைக் கரைத்தது என்பதை அவ்விணைப்பினாலேயே திட்டமாக அறிய முடியும். அந்த அறிவோடு கூடிய முன்னறிவிப்பு, தொழிலாளர்க்கு விளங்கும் தமிழிலும் சிங்களத்திலும், மழைக்குச் சில நாள் முன்னதாகவே பாத்திகளைச் சென்றடைதல் வேண்டும். கனத்த நீரை ஆழமான தேக்கங்களுக்கு மாற்றவும், வாரிய உப்பைக் குவித்துக் கிடுகினால் மூடவும் அச்சில நாள்களே போதுமானவை. அவற்றை அளிப்பது, தம்பையாபிள்ளையும் சுப்பையாவும் தொடங்கிவைத்த ஆராய்ச்சி, தான் எந்த மழைப் பதிவுகளிலிருந்து பிறந்ததோ அந்த மழைக்கு ஆட்பட்ட மக்களுக்குச் செய்யவேண்டிய முதற் கைம்மாறாகும்.