வேலியில் விளைந்த கறி: காரைநகரும் மரக்கறியும்

காரைநகரின் பெயருக்குள்ளேயே ஒரு பழச்செடி இருக்கு. காரை எண்டால் முள்ளுள்ள சின்னப் பற்றை. மஞ்சளாகப் பழுக்கும் அதன் பழத்தைச் சின்னப் பிள்ளைகள் பிடுங்கிச் சாப்பிடுவார்கள். இலையைக் கீரையாகச் சமைக்கலாம். இந்தப் பற்றை நிறைய நின்றதாலேதான் ஊருக்குக் காரைதீவு எண்ட பெயர் வந்தது எண்டு பெரியவர்கள் சொல்லுவினம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது காரைநகர் ஆனது. ஒரு காட்டுப்பழத்தின் பெயரைச் சுமக்கிற ஊரில், இண்டைக்கு எத்தனை பிள்ளைகளுக்குக் காரைப்பழத்தை அடையாளம் தெரியும்?

"பிள்ளைகள் மரக்கறி சாப்பிடுகினம் இல்லை" எண்ட முறைப்பாட்டை நாங்கள் எல்லா வீட்டிலும் கேட்கிறோம். உலக சுகாதார நிறுவனம் ஒருவர் நாளுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் சாப்பிட வேணும் எண்டு சொல்லுது. கிழங்கு வகைகள் இந்தக் கணக்கில் சேராது. 2015ஆம் ஆண்டளவில் சுகாதார அமைச்சு செய்த கணக்கெடுப்பின்படி, இலங்கையில் வளர்ந்தவர்களில் நாலில் மூன்று பங்குக்குக் கிட்ட இந்த அளவை எட்டவில்லை. உடனே ஆலோசனைகள் வரும்: நிறம் நிறமாக வெட்டி வையுங்கோ, பிள்ளைக்குக் கதை சொல்லி ஊட்டுங்கோ. எல்லாம் அம்மாவைப் பார்த்துச் சொல்லப்படுகிறவை. ஆனால் எங்கட ஊரின் வரலாற்றைப் பார்த்தால், மரக்கறி தட்டுக்கு வந்ததுக்குப் பின்னால் கிணறு, வேலி, நாட்காட்டி, பானை எண்டு நாலு ஏற்பாடுகள் இருந்தன. அவை எப்படி வேலை செய்தன, எப்படி உடைந்தன எண்டதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் விழுகிற மழை நிலத்துக்குள் இறங்கி, சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேலே நல்ல தண்ணிப் படலமாக மிதக்கும். கிணற்றில் அளவோடு அள்ளினால் நல்ல தண்ணி. அதிகமாக இறைத்தால் கீழேயிருந்து உப்பு ஏறும். கடல் சூழ்ந்த காரைநகரில் இந்தப் படலம் இன்னும் மெல்லியது. அதனாலே இங்கே நெல்லு மழையை நம்பி வருசத்துக்கு ஒருமுறை. மிச்ச நாளில் மரக்கறிக்குக் கிடைத்தது கிணற்றடித் தண்ணிதான்.

துலாவால் அள்ளிக் குளித்து, உடுப்புத் தோய்த்து, பாத்திரம் கழுவிய தண்ணி ஒரு வாய்க்காலால் வாழைக்கும் தோடைக்கும் ஓடும். அதுக்குப் பக்கத்தில் நாலு கத்தரி, ஒரு பயற்றங்கொடி, பொன்னாங்காணிப் பாத்தி. ஒரே தண்ணி இரண்டு தரம் வேலை செய்தது. தண்ணி இறைக்கிற மோட்டர் வந்த பிறகு குடாநாட்டின் தோட்டங்கள் பெருத்தன. ஆனால் பல இடங்களில் கிணறுகள் உப்பாகவும் தொடங்கின.

இந்த இடத்தில் ஒரு கேள்வியைத் தவிர்க்க ஏலாது. நல்ல தண்ணிக் கிணறு யாருடைய வளவுக்குள் இருந்தது? யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கிணற்றில் அள்ள உரிமை மறுக்கப்பட்டது. யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்க வேண்டியிருந்தது. இப்படியான சாதிப் பாகுபாட்டைத் தண்டிக்கும் சட்டமே 1957இல்தான் வந்தது. குடிக்கிற தண்ணிக்கே காத்து நிண்ட வீட்டில் கத்தரிக்கு எங்கே தண்ணி? "அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் தோட்டம்" எண்டு பெருமையாகச் சொல்லும்போது, எந்த வீடு எண்டும் கேட்க வேணும்.

வேலி

தோட்டம் இல்லாத வீட்டுக்கும் பல நேரம் வேலி இருந்தது. கிளுவை, பூவரசு, ஆடாதோடை, இடைக்கிடை முருங்கை எண்டு உயிர்வேலிகள். அதில் முசுட்டை, முல்லை, முடக்கொத்தான், கொவ்வை, குருவித்தலைப் பாகல், தூதுவளை எல்லாம் தாங்களாகவே படரும். மழை தொடங்கினால் வேலி ஒரு கீரைக்கடை. காசும் வேண்டாம், தனியாகத் தண்ணி ஊற்றவும் வேண்டாம். பக்கத்து வீட்டாரும் தங்கட பக்கத்தில் பிடுங்கலாம்.

இந்த இலைகளைச் சேர்த்துத்தான் இலைக்கஞ்சி. முல்லை, முசுட்டை, தூதுவளை, வல்லாரை எண்டு கிடைக்கிறதை இடித்துச் சாறு எடுத்து, அரிசிக் கஞ்சியில் தேங்காய்ப் பாலோடு சேர்ப்பார்கள். இன்ன இலைதான் வேணும் எண்ட கட்டாயம் இல்லை. வேலி எதைத் தந்ததோ அதுதான் அண்டைய கஞ்சி.

பழமும் பெரும்பாலும் வளவையும் வெளியையும் நம்பித்தான். இலந்தை, நாவல், ஈச்சு, விளா, காரை எண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம். ஆவணியை ஒட்டிப் பனம்பழம் விழும். சுட்டுச் சூப்பலாம், பணியாரம் சுடலாம், களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்துப் பினாட்டு ஆக்கிப் பல மாதம் வைத்திருக்கலாம். கொய்யா, பப்பாசி, அன்னமுன்னா எல்லாம் எங்கட பழம் எண்டு நினைக்கிறோம். அவை அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஐரோப்பியர்களின் கப்பல் வழிகளில் ஆசியாவுக்கு வந்தவை. மிளகாயும் அப்படித்தான். யாழ்ப்பாணக் கறித்தூளுக்கு உறைப்புத் தருகிற செடி, போர்த்துக்கேயர் காலத்துக்கு முந்தி எங்கட அடுப்படியில் இல்லை. வந்தவற்றைத் தன்னுடையதாக்கிக் கொண்ட அடுப்படி இது. அதனாலே "பாரம்பரியம்" எண்ட சொல்லை வைத்துக் கொண்டு யாரையும் பயமுறுத்தத் தேவையில்லை.

நாட்காட்டியும் பானையும்

காரைநகர் கடல் சூழ்ந்த ஊர். மீன், நண்டு, இறால் கைக்கு எட்டுகிற தூரத்தில். இருந்தும் மரக்கறி ஏன் ஒதுங்கவில்லை? ஒரு காரணம் விரத நாட்கள். வெள்ளிக்கிழமை பல வீடுகளில் மச்சம் இல்லை. கந்தசட்டி, கேதாரகௌரி, திருவெம்பாவைக் காலங்களில் நாட்கணக்காக மரக்கறிதான். ஈழத்துச் சிதம்பரம் எண்டு அழைக்கப்படுகிற சிவன் கோயிலின் திருவாதிரைக் காலம் மார்கழியில் வரும். மழைக்குப் பிறகு கீரையும் பூசணியும் மலிவாகக் கிடைக்கிற நேரமும் அதுதான். பக்தியின் அளவை நாங்கள் அளக்க வரவில்லை. ஆனால் ஒரு நாட்காட்டி, "இண்டைக்கு என்ன சமைக்கிறது" எண்ட முடிவை ஒவ்வொரு கிழமையும் வீட்டுக்காகத் தானே எடுத்து வைத்தது. வெள்ளிக்கிழமை கத்தரிக்காய்ப் பாற்கறியை வேண்டாம் எண்ட பிள்ளைக்கு மீன் பொரித்துக் கொடுக்க அடுப்படியில் மீனே இல்லை.

மற்றது சமைக்கிற முறை. வறையைப் பாருங்கோ. முருங்கை இலையோ, கோவாவோ, வாழைப்பூவோ, மிக நுணுக்கமாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து வறட்டி எடுப்பார்கள். சோற்றோடு கலந்தால் பிரித்து ஒதுக்க ஏலாது. எலுமிச்சம்புளி விட்டால் இலையில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு கூடுதலாக எடுக்கும். அதைத் தெரிந்து செய்தார்களோ, ருசிக்காகச் செய்தார்களோ, பலன் ஒன்றுதான்.

ஒடியல் கூழ் இதன் உச்சம். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைத் தண்ணியில் ஊறவிட்டு, காறல் போக வடித்து எடுத்து, மீன், நண்டு, இறாலோடு பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கை இலை எல்லாத்தையும் ஒரே பானையில் போடுவார்கள். பிலாவிலையைக் கோலிக் குடிக்கும்போது மரக்கறி எது, மச்சம் எது எண்டு ஒருவரும் பிரிக்க மாட்டார்கள்.

மாரியில் மலிந்ததைக் கோடைக்கும் கொண்டு போனார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் கத்தரி வற்றல், பாகல் வற்றல், வடகம், மோர்மிளகாய் எண்டு முற்றம் நிறையக் காயும். வற்றலில் பச்சைக் காயின் சத்து முழுவதும் இருக்காது. ஆனாலும் வறண்ட மாதங்களில் தட்டில் ஒரு மரக்கறி இருந்தது.

இத்தனை வேலையையும் செய்தது யார்? "காகம் பறவாத இடமும் காரைதீவான் போகாத இடமும் இல்லை" எண்டு ஒரு சொல்வழக்கு உண்டு. காரைநகர் ஆண்கள் கொழும்பிலும் தென்னிலங்கை ஊர்களிலும் கடை வைத்தார்கள், மணியோடர் அனுப்பினார்கள். வளவும் கிணற்றடியும் முற்றமும் பெண்களின் கையில் நிண்டன. கீரையை ஆய்ந்து, அரிந்து, தேங்காய் துருவி, அம்மியில் அரைத்து முடிக்கக் காலைப்பொழுது போய்விடும். ஊர் சாப்பிட்ட மரக்கறிக்குப் பின்னால், ஒரு கணக்கிலும் எழுதப்படாத பெண்களின் நேரம் இருந்தது.

உடைவு

1970–77 காலத்தில் அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாண விவசாயிகள் நிமிர்ந்தார்கள். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து அந்தச் சந்தையைக் குலைத்தது. ஆனால் வீட்டுத் தட்டைப் பெரிதாக மாற்றியது போர்தான்.

1991இல் காரைநகர் மக்கள் ஏறக்குறைய முழுதாக இடம்பெயர்ந்தார்கள். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது, பலருக்கு அது இரண்டாவது இடப்பெயர்வு. 1996க்குப் பிறகுதான் சனம் பகுதி பகுதியாக ஊர் திரும்பியது. இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போன பலர் திரும்பவே இல்லை.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு நிவாரணம் வந்தது: அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். உயிரைக் காத்த பொருட்கள் அவை, குறைத்துச் சொல்ல ஏலாது. ஆனால் அழுகிற பொருளை நிவாரண அட்டையில் போட ஏலாது. அதனாலே அந்த அட்டையில் கீரையும் இல்லை, பழமும் இல்லை. சோறு, பருப்பு, ரொட்டி, கிடைத்தால் சோயா மீற். ஒரு தலைமுறை தன் சின்ன வயதின் ருசியை அங்கேதான் பழகியது. இண்டைக்கு அந்தத் தலைமுறைதான் அம்மா, அப்பா.

அதே 1990களின் தொடக்கத்தில், சோவியத் ஒன்றியம் உடைந்து எண்ணெயும் உரமும் நிண்டபோது, கியூபாவில் நகரத்து வெறும் நிலங்களையெல்லாம் மரக்கறித் தோட்டம் ஆக்கினார்கள். பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்திலும் மண்ணெண்ணெய்க்கும் உரத்துக்கும் தட்டுப்பாடு. இங்கேயும் சனம் வளவைத் திருப்பிக் கொத்தியது. ஆனால் கொத்தின வளவில் ஒரு முழு மாரி இருக்கலாமோ எண்டது ஒருவருக்கும் தெரியாது. தோட்டத்துக்கு விதையைவிட முதலில் தேவை, அடுத்த மாதமும் இங்கேதான் இருப்போம் எண்ட நிச்சயம்.

திரும்பி வந்த இடத்தில் வேலிகள் இல்லை. வெளிநாட்டுக் காசு வந்த வீடுகள் மதில் கட்டின, மற்ற வீடுகள் தகரமும் கம்பியும் அடித்தன. களவுக்கும் கட்டாக்காலி ஆடு மாட்டுக்கும் மதில் நல்லதுதான். ஆனால் மதிலில் முசுட்டை படராது. கீரைக்கடை பூட்டப்பட்டது அந்த இடத்தில்தான்.

வெள்ளிக்கிழமை லீவு

2022இல் பொருளாதாரம் விழுந்தது. அந்த வருசம் புரட்டாதி மாதம், கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரு வருசத்துக்குள் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. ஆனி மாதத்தில் அரசு ஒரு யோசனை சொன்னது: அரச ஊழியர்களுக்கு மூன்று மாதம் வெள்ளிக்கிழமை லீவு, வீட்டுத்தோட்டம் செய்யுங்கோ.

தென்மேற்குப் பருவமழை பெய்கிற பகுதிக்கு அது பொருந்தலாம். காரைநகரில் ஆனி, ஆடி, ஆவணி எண்டால் சோளகக் காற்று, வறண்ட நிலம், கிணற்றில் தண்ணி அடிமட்டம். நாற்று நடச் சொன்ன மாதத்தில் எங்கட முன்னோர் வற்றல் பானையைத் திறந்தார்கள். நல்ல எண்ணம் இருந்தும் ஊரின் நாட்காட்டியைப் பார்க்காத திட்டம் எப்படித் தோற்கும் எண்டதுக்கு இது ஒரு பாடம்.

அப்ப என்ன செய்யலாம்?

பழைய காலத்துக்குத் திரும்ப வேணும் எண்டு நாங்கள் சொல்லவில்லை. கிணற்றடியில் குடத்தோடு காத்து நிண்டவர்களும், அம்மியடியில் முதுகு வளைந்தவர்களும் அந்தக் காலத்தில்தான் இருந்தார்கள். ஆனால் அந்த ஏற்பாடுகளில் எடுக்கக்கூடியது இருக்கு.

மதில் இருக்கிற வீட்டிலும் மதிலோரம் ஒரு கம்பி வலையைக் கட்டி முசுட்டையும் பாகலும் ஏற்றலாம். ஐப்பசியில் முதல் மழைக்கு ஒரு முருங்கைத்தடி ஊன்றினால், வேர் பிடித்த பிறகு அது அதிகம் தண்ணி கேட்காது. குளிக்கிற தண்ணியை மலக்குழிக்கு விடாமல் வாழைக்குத் திருப்பலாம். சவர்க்காரத் தண்ணியைக் கீரைப் பாத்திக்கு விடாதேங்கோ, வாழையடிக்கு விடுங்கோ. கொழும்பிலோ ரொறன்ரோவிலோ மாடிவீட்டில் இருக்கிறவர்களுக்கு வேலி இல்லை, ஆனால் நாட்காட்டி இருக்கு. விரதம் பிடிக்காத வீடும் கிழமையில் ஒரு நாளை மரக்கறி நாள் எண்டு முடிவு செய்து வைத்தால், அண்டைக்கு ஒருவரும் வாதாடத் தேவையில்லை. தட்டின் ஓரத்தில் தனியாக வைக்கிற மரக்கறியைவிட, வறையாகவும் கூழாகவும் சோற்றோடு கலக்கிற மரக்கறி பிள்ளையின் வயிற்றுக்குள் போகும்.

இளம் ஆட்களான எங்களுக்கு ஒரு தனி வேலை இருக்கு. "அம்மா, ஏன் இண்டைக்கும் பருப்புத்தானா?" எண்டு கேட்கிற நாங்கள், ஒரு கட்டு முருங்கை இலையை ஆய்ந்து முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு அறிந்திருக்கிறமோ? முக்கியமாக ஆண் பிள்ளைகள். பின்னேரத்தில் போனைப் பார்த்துக் கொண்டே கீரை ஆயலாம், கை பழகிவிடும். 400 கிராம் எண்ட கணக்கில் இந்த வேலை எழுதப்பட்டிருக்காது. அதைப் பகிராத வீட்டில் எந்த ஆலோசனையும் ஒரு கிழமைக்கு மேலே நிற்காது.