வங்கதேசத்தின் ஆர்சனிக் குடிநீரும் வீட்டு வடிகட்டிகளும்

வங்கதேசக் கிராம மக்கள் பல ஆண்டுகளாக ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரைக் குடித்து வந்தது 1990-களில் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. வரலாற்றில் ஒரு நாட்டு மக்களுக்கு நேர்ந்த மிகப் பெரிய நச்சுப் பாதிப்பு இதுவே என்று, உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000-ஆம் ஆண்டு வெளியான கட்டுரை ஒன்று குறிப்பிட்டது. குழந்தைகளை வயிற்றுப்போக்கிலிருந்து காப்பாற்றுவதற்காகப் போடப்பட்ட கிணறுகளே இந்த நஞ்சு வீடுகளுக்குள் வரும் வழியாயின. அந்த நீரைக் குடிக்கத் தக்கதாக மாற்ற உருவான வீட்டு வடிகட்டிகளின் வரலாறு, நீரில் உள்ள மாசு எது என்று அறியாமல் வடிகட்டியைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதைக் காட்டுகிறது.

குளத்திலிருந்து குழாய்க்கிணற்றுக்கு

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய மூன்று பெரிய ஆறுகளின் கழிமுகத்தில் அமைந்த நாடு வங்கதேசம். அங்குத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. நல்ல தண்ணீருக்குத்தான் பஞ்சம். கிராமத்தினர் நெடுங்காலமாகக் குளங்கள், ஆறுகள், திறந்த கிணறுகள் ஆகியவற்றின் நீரையே குடித்தனர். அந்நீரில் மனிதக் கழிவு கலந்ததால் காலராவும் வயிற்றுப்போக்கும் ஆண்டுதோறும் ஏராளமான குழந்தைகளைப் பலி கொண்டன.

இதற்குத் தீர்வாக 1970-களில் அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறை, யுனிசெஃப் அமைப்பின் துணையுடன் அடிபம்பு பொருத்திய குழாய்க்கிணறுகளைப் பெருமளவில் அமைத்தது. மெல்லிய குழாயை நிலத்துக்குள் இறக்கி, மேலே ஒரு கைப்பம்பைப் பொருத்தினால் கிணறு ஆயிற்று. மண்ணடுக்குகள் இயற்கையாகவே வடிகட்டிய நீர் என்பதால் அதில் கிருமிகள் குறைவு. செலவும் குறைவாக இருந்ததால் பின்னர் மக்கள் தாங்களே பணம் போட்டு வீட்டு முற்றத்தில் கிணறு அமைத்துக்கொண்டனர். 1990-களில் கிராம மக்களுள் மிகப் பெரும்பாலோர் குழாய்க்கிணற்று நீரையே குடித்தனர். பொதுச் சுகாதாரத்தின் பெரிய வெற்றி என்று இத்திட்டம் போற்றப்பட்டது. அக்காலத்து நீர்ச் சோதனை முறைகளில் ஆர்சனிக் சேர்க்கப்படவில்லை.

நஞ்சு வெளிப்பட்ட விதம்

முதல் எச்சரிக்கை எல்லைக்கு இந்தப் பக்கம் மேற்கு வங்காளத்தில் கிடைத்தது. 1983-இல் கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, தம்மிடம் வந்த கிராமத்து நோயாளிகளின் தோல் மாற்றங்களுக்கு ஆர்சனிக் கலந்த கிணற்று நீரே காரணம் என்று கண்டறிந்தார். பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி ஊர் ஊராகச் சென்று நீரைச் சோதித்து, பாதிப்பின் பரப்பை வெளிக்கொணர்ந்தார்.

வங்கதேசத்தில் 1993-இல் சாப்பாய் நவாப்கஞ்ச் மாவட்டத்துக் குழாய்க்கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது உறுதியானது. அதன்பின் பிரித்தானிய நிலவியல் ஆய்வு நிறுவனமும் வங்கதேச அரசுத் துறையும் சேர்ந்து நாட்டின் 64 மாவட்டங்களுள் 61-இல், 3,534 கிணறுகளின் நீரை ஆராய்ந்தன. 150 மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள கிணறுகளுள் 27 விழுக்காட்டில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தது. ஏறத்தாழ 3.5 கோடி மக்கள் அத்தகைய நீரைக் குடிப்பதாக 2001-இல் வெளியான அறிக்கை மதிப்பிட்டது.

லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்பது வங்கதேசம் ஏற்றுக்கொண்ட உச்ச வரம்பு. 20,000 லிட்டர் நீரில் 1 கிராம் கரைந்திருப்பதற்கு இது சமம். உலக சுகாதார நிறுவனம் 1993-இல் பரிந்துரைத்த வரம்போ 10 மைக்ரோகிராம் மட்டுமே. அதாவது 1 இலட்சம் லிட்டரில் 1 கிராம்.

ஆர்சனிக் வந்த வழி

இந்த ஆர்சனிக் ஆலைக் கழிவோ பூச்சிமருந்தோ அன்று, இயற்கையானது. இமயமலைப் பாறைகள் தேய்ந்து, ஆறுகளின் வழியே வண்டலாக வந்து படிந்தபோது, அவ்வண்டலில் இருந்த இரும்பு ஆக்சைடுத் துகள்களின் மேல் ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருந்தது. மக்கிய தாவரப் பொருள்கள் நிறைந்த, ஆக்சிசன் இல்லாத மண்ணடுக்குகளில் நுண்ணுயிரிகள் இந்த இரும்பு ஆக்சைடைக் கரைக்கின்றன. அப்போது அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் விடுபட்டு நீரில் கலக்கிறது.

இதனால்தான் குளத்து நீரிலும் மழை நீரிலும் இல்லாத ஆர்சனிக் ஆழம் குறைந்த குழாய்க்கிணறுகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. ஆழமான பழைய மணலடுக்குகளில் இது பெரும்பாலும் குறைவு. ஒரே ஊரில் ஒரு வீட்டுக் கிணறு நஞ்சாகவும், சில பத்து மீட்டர் தள்ளியுள்ள கிணறு நல்லதாகவும் இருப்பதுண்டு.

உடலிலும் வாழ்விலும்

ஆர்சனிக் கலந்த நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பல ஆண்டுகள் குடித்த பின்னரே உடலில் அடையாளங்கள் தோன்றும். முதலில் தோலில் கரும்புள்ளிகளும், உள்ளங்கை, உள்ளங்கால்களில் தடித்த முடிச்சுகளும் உண்டாகின்றன. நாளடைவில் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயும் இதயநோயும் வர வாய்ப்பு மிகுகிறது. டாக்காவுக்கு அருகிலுள்ள ஆராய்ஹஜார் பகுதியில் ஏறத்தாழ 12,000 பேரைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு, அங்கு நிகழ்ந்த மரணங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு ஆர்சனிக் காரணமாக இருக்கலாம் என்று 2010-இல் தெரிவித்தது.

நோயோடு அவமானமும் சேர்ந்துகொண்டது. தோல் புள்ளிகளைத் தொழுநோய் என்றோ தொற்றுநோய் என்றோ அக்கம்பக்கத்தார் எண்ணினர். இளம்பெண்களின் திருமணம் தடைப்பட்டது. மணமான பெண்கள் சிலர் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

சிவப்பும் பச்சையும்

2000-களின் தொடக்கத்தில் உலக வங்கி உதவியுடன் ஏறத்தாழ 50 இலட்சம் குழாய்க்கிணறுகள் கையடக்கச் சோதனைப் பெட்டிகளால் சோதிக்கப்பட்டன. வரம்புக்கு உட்பட்ட கிணற்றின் வாயில் பச்சை வண்ணமும் மீறியதில் சிவப்பு வண்ணமும் பூசப்பட்டன. ஏறத்தாழ 14 இலட்சம் கிணறுகள் சிவப்பாயின.

இந்த எளிய முறைக்குப் பயன் இருந்தது. ஆராய்ஹஜாரில் கெட்ட கிணறு வைத்திருந்தவர்களுள் பெரும்பாலோருக்கு 100 மீட்டருக்குள்ளேயே நல்ல கிணறு ஒன்று இருந்தது. பலர் அண்டை வீட்டுக் கிணற்றுக்கு மாறினர். ஆனால், நாள்தோறும் குடம் சுமப்பவர்கள் பெண்கள். பிறர் முற்றத்தில் தண்ணீர் எடுக்கத் தயங்கியோரும் உண்டு. ஊரில் எல்லாக் கிணறும் சிவப்பாக இருந்தால் மாறுவதற்கு இடமுமில்லை. காலப்போக்கில் வண்ணம் உதிர்ந்தது. சோதிக்கப்படாத புதிய கிணறுகளும் பெருகின.

சோதிக்காததற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் சென்றது. பிரித்தானிய நிலவியல் ஆய்வு நிறுவனம் 1992-இல் வங்கதேசக் கிணற்று நீர் பற்றி அளித்த அறிக்கையில் ஆர்சனிக் சோதனை இடம்பெறவில்லை. பாதிக்கப்பட்ட கிராமவாசி ஒருவர் இதன்பொருட்டு இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தார். அந்நிறுவனத்துக்கு அவர்பால் சட்டப்படியான கடமை இல்லை என்று கூறி 2006-இல் பிரபுக்கள் அவை வழக்கைத் தள்ளுபடி செய்தது.

மூன்று குட வடிகட்டி

வீட்டிலேயே ஆர்சனிக்கை நீக்கும் முயற்சிகளுள் பரவலாக அறியப்பட்டது மூன்று குட வடிகட்டி. குடத்தை வங்காளியர் கல்சி என்பர். மூன்று மண்குடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டத்தில் அடுக்கப்படும். மேற்குடத்தில் மணலும் இரும்புச் சீவலும், நடுக்குடத்தில் மணலும் மரக்கரியும் இருக்கும். அடிக்குடத்தில் தெளிந்த நீர் சேரும். இரும்பு துருப்பிடிக்கும்போது உண்டாகும் துருவே ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்கிறது. மண்ணுக்கு அடியில் ஆர்சனிக்கைத் தாங்கியிருந்த அதே இரும்பு இங்கு மருந்தாகிறது.

இம்முறை ஆர்சனிக்கை நன்றாக நீக்கியது, செலவும் குறைவு. ஆனால், சில மாதங்களில் இரும்புச் சீவல்கள் ஒன்றோடொன்று இறுகிக் கட்டியாகி, நீர் இறங்குவது தடைப்பட்டது. குடங்களில் கிருமிகள் பெருகுவதும் கண்டறியப்பட்டது. எந்த நோய்க்கு அஞ்சிக் குழாய்க்கிணற்றுக்கு மாறினார்களோ அந்த நோய் வடிகட்டியின் வழியே திரும்பும் ஆபத்து எழுந்தது.

சோனோ வடிகட்டி

இக்குறையைத் தீர்க்க முயன்றவர் அபுல் ஹுசாம். வங்கதேசத்தின் குஷ்டியா பகுதியைச் சேர்ந்த இவர், அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர். முதலில் ஆர்சனிக்கைத் துல்லியமாக அளக்கும் முறையை உருவாக்கினார். தம் குடும்பத்தார் குடித்த கிணற்று நீரிலும் ஆர்சனிக் இருந்ததை அதனால் அறிந்தார். பிறகு மருத்துவரான தம் சகோதரர் ஏ. கே. எம். முனீருடன் சேர்ந்து சோனோ வடிகட்டியை உருவாக்கினார்.

இதில் இரண்டு வாளிகள் உண்டு. மேல்வாளியில் மணலுக்கு நடுவே, உடையாத துளைகளுள்ள இரும்புக் கலவை ஒன்று வைக்கப்படுகிறது. கீழ்வாளியில் மணலும் மரக்கரியும் செங்கல் சல்லியும் உள்ளன. தனியே வேதிப்பொருள் சேர்க்க வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டா. துருவோடு ஆர்சனிக் இறுகப் பிணைவதால் கழிவிலிருந்து எளிதில் கசிவதில்லை. 2007-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்தின் கிரெய்ஞ்சர் பரிசு, 10 இலட்சம் டாலர், ஹுசாமுக்கு வழங்கப்பட்டது. அதன் பெரும்பகுதியை வடிகட்டிகளை மக்களுக்கு வழங்கவே செலவிடுவதாக அவர் அறிவித்தார். மேற்கு வங்காளத்தில் அடிபம்புடன் இணைக்கும் ஊர்ப்பொது வடிகட்டிகளை அமைத்த அரூப் சென்குப்தா குழுவினர் அதே ஆண்டில் இரண்டாம் பரிசு பெற்றனர்.

எந்த முறை எதை நீக்கும்

ஆர்சனிக் நெருக்கடி, வீட்டு நீர்த்தூய்மை முறைகள் ஒவ்வொன்றின் எல்லையையும் தெளிவாக்கியது.

கொதிக்கவைத்தல் கிருமிகளைக் கொல்லும், ஆர்சனிக்கை நீக்காது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும்.

புற ஊதாக் கதிர் விளக்கும் கிருமிகளுக்கு மட்டுமே. கரைந்த பொருள் எதையும் அது தொடுவதில்லை.

பீங்கான் மெழுகுவர்த்தி வடிகட்டி கலங்கலையும் பெரும்பாலான பாக்டீரியாக்களையும் தடுக்கும். கரைந்த ஆர்சனிக் அதன் துளைகளின் வழியே சென்றுவிடும்.

கரி வடிகட்டி குளோரின் நாற்றத்தையும் பல கரிமப் பொருள்களையும் ஈர்க்கும். ஆர்சனிக்கை மிகக் குறைவாகவே ஈர்க்கும்.

எதிர்ச்சவ்வூடு பரவல் முறை, அதாவது ஆர்.ஓ., ஆர்சனிக்கின் ஒரு வடிவத்தை நன்றாகவும், நிலத்தடி நீரில் மிகுந்துள்ள மற்றொரு வடிவத்தைக் குறைவாகவும் நீக்கும். அதற்கு மின்சாரமும் அழுத்தமும் தேவை. கணிசமான நீர் கழிவாகவும் போகும்.

இரும்பு அல்லது அலுமினா கொண்டு ஈர்க்கும் வடிகட்டி ஆர்சனிக்குக்கு ஏற்றது. ஆனால், அதன் ஈர்ப்புத் திறனுக்கு எல்லை உண்டு. திறன் தீர்ந்த பின்னும் நீர் முன்போலவே தெளிவாக வரும். குடிப்பவருக்கு எந்த அடையாளமும் தெரியாது. ஆகையால் வடிகட்டிய நீரையும் அவ்வப்போது சோதிப்பது இன்றியமையாதது.

வீடுகளில் பயன்படும் டிடிஎஸ் கருவியும் இங்கு உதவாது. அது கரைந்த உப்புகளின் மொத்த அளவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். 50 மைக்ரோகிராம் என்பது 0.05 மில்லிகிராம் மட்டுமே. கருவி 200 என்று காட்டும் "நல்ல" நீரில் ஆர்சனிக் வரம்பை மீறியிருக்கலாம்; 900 காட்டும் நீரில் அது அறவே இல்லாமலும் இருக்கலாம்.

பிற்கால நிலை

2016-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, வங்கதேசத்தில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் வரம்பு மீறிய ஆர்சனிக் நீரையே இன்னும் குடிப்பதாகக் கூறியது. அரசு அமைத்த ஆழ்குழாய்க் கிணறுகளுள் பல, தேவை மிகுந்த ஊர்களை விட்டு அரசியல் செல்வாக்குள்ளோரின் இடங்களில் அமைந்ததையும் அது சுட்டிக்காட்டியது.

முதலில் நீரைச் சோதித்து மாசு எதுவென அறிதல், அருகில் நல்ல நீர் இருந்தால் அதற்கு மாறுதல், அது இயலாதபோது அந்த மாசுக்கு உரிய வடிகட்டியைத் தேர்தல், பொருத்திய பின் மீண்டும் சோதித்தல் என்ற வரிசையை நீரியல் வல்லுநர்கள் இன்று வலியுறுத்துகின்றனர். 1970-களில் தோண்டிய கிணறுகளில் விடுபட்டது இவற்றுள் முதற்படியே.