ஆழ்மூளைத் தூண்டல் அறுவையில் குருதிக்குழாய்ச் சிக்கல்கள்

ஆழ்மூளைத் தூண்டல் என்பது மூளையின் உட்பகுதியில் மெல்லிய மின்முனையைப் பதித்து, மார்புத் தோலின் கீழ் வைக்கப்படும் மின்துடிப்புக் கருவியால் அதனை இயக்கும் மருத்துவ முறை ஆகும். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் போன்றவற்றுக்கு மருந்துகள் போதிய பயன் தராதபோது இது செய்யப்படுகிறது. சுமார் 1.3 மி.மீ. தடிமனுள்ள மின்முனை மூளைத் திசுவின் ஊடாகப் பல செ.மீ. ஆழம் செல்கிறது. வழியில் குருதிக்குழாய் காயமுற்று மூளைக்குள் குருதி கசிவதே இவ்வறுவையில் பெரிதும் அஞ்சப்படும் சிக்கல் ஆகும்.

வரலாறு

சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி. எஸ். கனகா ஆகியோர், தலையில் சட்டகம் பொருத்தி மூளையின் ஆழ்பகுதிகளை அடையும் அறுவையை இந்தியாவில் வளர்த்தனர். கனகா (1932–2018) ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவர். இந்தியாவில் 1975 ஆம் ஆண்டிலேயே ஆழ்மூளைத் தூண்டலை மேற்கொண்டவராக அவர் குறிப்பிடப்படுகிறார். அக்காலத்தில் மூளை அறைகளில் காற்றையோ நிறப்பொருளையோ செலுத்தி எடுத்த எக்சு-கதிர்ப் படங்களைக் கொண்டே இலக்கு கணிக்கப்பட்டது. அவற்றில் மின்முனையின் வழியில் உள்ள குருதிக்குழாய்கள் தெரியா.

இன்று வழங்கும் முறைக்கு, பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1987 இல் பெனாபித், பொல்லாக் ஆகியோர் செய்த பணி அடிப்படையாக அமைந்தது.

சிக்கல்களின் வகைகள்

* மூளைத் திசுவினுள் குருதிக்கசிவு: மின்முனை செல்லும் வழியில் ஏற்படுவது.
* மூளையுறைக்குக் கீழ்க் குருதித் தேக்கம்: மூளைத் தண்டுவட நீர் வெளியேறி மூளை சற்று அமிழும்போது, மேற்பரப்புச் சிரைகள் இழுபட்டு அறுவதால் ஏற்படுவது.
* சிரை அடைப்பு: மேற்பரப்புச் சிரை சேதமுற்று, அப்பகுதித் திசு வீங்கி நலிவது.

2012 இல் வெளிவந்த ஒரு மீளாய்வின்படி, இவ்வகை அறுவைகளில் குருதிக்கசிவு சுமார் 5% பேருக்கு ஏற்பட்டது. நிரந்தரப் பாதிப்போ இறப்போ சுமார் 1% பேருக்கு நேர்ந்தது. பெரும்பாலும் இது வாழ்க்கைத் தரத்தை உயர்த்தச் செய்யப்படும் அறுவையே அன்றி, உயிர் காக்கும் அவசர அறுவை அன்று. எனவே இச்சிறு விகிதமும் முதன்மை பெறுகிறது.

தடுப்பு முறைகள்

* பாதை வகுத்தல்: நிறப்பொருள் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் குருதிக்குழாய்கள் ஒளிர்ந்து தெரியும். மூளை மடிப்புகளின் பள்ளங்களில் குருதிக்குழாய்கள் ஓடுவதால், மின்முனை மடிப்பின் மேட்டில் நுழையுமாறும், மூளை அறைகளைத் தவிர்த்துச் செல்லுமாறும் பாதை அமைக்கப்படுகிறது.
* குருதி அழுத்தம்: உயர் குருதி அழுத்தம் கசிவு வாய்ப்பைக் கூட்டுவதால், அறுவைக்கு முன்பே சீராக்கப்பட்டு, அறுவை முழுதும் கண்காணிக்கப்படுகிறது.
* மருந்துகள்: ஆசுப்பிரின், குளோபிடோகிரல் போன்றவை குருதி உறைவதைத் தடுப்பன. குருதித் தட்டுகளின் வாழ்நாள் ஏறத்தாழ 7–10 நாட்கள் ஆதலால், இவை பொதுவாக அதற்கேற்ப முன்னரே நிறுத்தப்படுகின்றன. இதயக் குழாயில் வலைக்குழல் பொருத்தியவருக்கு இவற்றை நிறுத்துவதும் ஆபத்தாகலாம். எனவே இதய மருத்துவரின் கருத்தைக் கேட்டே முடிவெடுக்கப்படும். தேவையெனில் அறுவை தள்ளிவைக்கப்படும்.
* ஊடுருவல்களைக் குறைத்தல்: நரம்பணுக்களின் மின்குறிகளைக் கேட்க நுண்மின்முனைகள் செலுத்தப்படுவதுண்டு. ஒவ்வொரு கூடுதல் ஊடுருவலும் குருதிக்குழாயைத் தொடும் வாய்ப்பைக் கூட்டும்.
* நீரிழப்பைத் தடுத்தல்: மண்டையோட்டுத் துளை விரைவில் அடைக்கப்படுகிறது. தலையைச் சற்றே உயர்த்தி வைப்பது நீரிழப்பைக் குறைக்கும். மிகையாக உயர்த்தினால் சிரைகளில் காற்று புகக்கூடும்.

அறுவைக்குப் பின்

சி.டி. படம் எடுத்து மின்முனையின் இடமும் குருதிக்கசிவும் ஆராயப்படுகின்றன. புதிய தலைவலி, பேச்சுக் குழறல், ஒருபக்கத் தளர்ச்சி, வலிப்பு, மிகு உறக்கம் ஆகியவை உடனடியாகக் கவனிக்கப்பட வேண்டிய அறிகுறிகள் ஆகும். சிரை அடைப்பின் அறிகுறிகள் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்தும் தோன்றலாம். ஆதலால் முதல் படம் இயல்பாக இருப்பினும் கண்காணிப்பு தொடர வேண்டும்.