தந்திச் சட்டமும் வானொலி உரிமமும்

1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம் பிறந்தபோது வானொலி என ஒன்று உலகில் இல்லை. கம்பிவழிச் செய்திக்கென இயற்றப்பெற்ற அச்சட்டத்தின் நான்காம் பிரிவு, தந்தி நடத்தும் தனியுரிமையை அரசுக்கே அளித்தது. பிறர் நடத்த வேண்டின் உரிமம் பெறுதல் வேண்டும். பின்னர் வந்த வானொலியும் இப்பிரிவின் பிடியிலேயே அகப்பட்டது.

ஆயினும், ஆங்கில ஆட்சி தொடக்கத்தில் கதவை முற்றும் அடைத்துவிடவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1927-இல் அதனைச் சாய்த்தது சட்டமன்று, பணமுடை. அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி, 1930 முதல் 1938-இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வரும் வரையில் ஒலிபரப்பை நடத்திற்று. குப்பை வாரும் நகரசபை இசையும் வழங்கிய காலம் அது!

அரசே ஒலிபரப்பை ஏற்ற பின்னர்தான் வாயில் இறுகிற்று. விடுதலைக்குப் பின்னும் அப்பழைய பிரிவு அசையவில்லை. 1993-இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் தன் போட்டியை அயல்நாட்டு நிறுவனத்தின் வழியே ஒளிபரப்ப முயன்று, அரசுடன் வழக்காடிற்று. 1995 பிப்ரவரி 9-இல் உச்சநீதிமன்றம், வானலைகள் பொதுமக்களின் உடைமை என்று தீர்ப்பளித்தது. அரசின் ஏகபோகத்தை மறுத்த அத்தீர்ப்பு, தனியார் ஏகபோகத்தையும் ஏற்கவில்லை; சுதந்திரமான பொது அமைப்பொன்று வானலைகளை முறைப்படுத்த வேண்டுமென்றது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2004-இல், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி ஒலித்தது. சொந்தமாகச் செய்தி வாசிக்க மட்டும் அதற்கு அனுமதி தரப்படவில்லை.