ஒரே நீர்க்கணக்கு: கரிசல் மனையில் அடித்தளமும் உறிஞ்சுகுழியும் தோட்டமும்

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் சுவர் வெடித்த வீட்டைப் பார்ப்பவர் முதலில் கொத்தனாரைக் குறை சொல்வார், அடுத்தபடியாக மண்ணை. அந்த வீட்டிலிருந்தே நாள்தோறும் மண்ணுக்குள் இறங்கும் தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கரிசல் மனையில் அடித்தளத்தைப் பொறியாளரும் செப்டிக் டேங்கைக் கொத்தனாரும் செடிகொடிகளை வீட்டாரும் தனித்தனியே தீர்மானிக்கிறார்கள். மூன்றும் ஒரே களிமண்ணின் ஈரத்தைக் கூட்டிக் குறைப்பவை என்பதால் அவற்றை ஒரே கணக்காகப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் போன்ற ஸ்மெக்டைட் கனிமங்கள் மிகுதி. அவற்றின் மெல்லிய அடுக்குகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்பும். வெளியேறினால் பாளம் பாளமாக வெடிக்கும். மகாராஷ்டிரக் கரிசல் பசால்ட்டிலிருந்து வந்தது. கோவில்பட்டிப் பக்கம் அடியில் கிடப்பது நைஸ் பாறை. பிறப்பு வேறு, குணம் ஒன்று. மண் எங்கும் சமமாக உப்பினால் வீடு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தளம் மூடிய நடுப்பகுதி ஒரே ஈரத்தில் இருக்க, ஓரங்கள் ஐப்பசியில் உப்பிச் சித்திரையில் சுருங்குவதுதான் சுவரைப் பிளக்கிறது. ஒரு மூலையில் மட்டும் ஆண்டு முழுதும் கழிவுநீர் ஊறினால் இந்த ஏற்றத்தாழ்வு நிரந்தரமாகிவிடும்.

இதற்குப் பொறியியல் தந்த விடை எளிதில் தள்ளக்கூடியதன்று. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த அண்டர் ரீம்டு பைல், அடியில் குமிழாக விரிந்து, பருவத்துக்குப் பருவம் அசையாத ஆழத்தில் பிடித்துக்கொள்கிறது. ஆழமான கரிசலில் குறைந்தது 3.5 மீட்டர் இறக்கச் சொல்கிறது இந்தியத் தர விதி. பைல் போட்டாயிற்று, இனிக் கழிவுநீர் எங்கே போனால் என்ன என்று கேட்கலாம். பைல் காப்பது அதன்மேல் ஏறிய பாரத்தைத்தான். தரைத்தளமும் வாசற்படியும் சுற்றுச்சுவரும் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே நிற்கின்றன. செப்டிக் டேங்கும் அப்படியே. அசையாத வீட்டையும் அசையும் டேங்கையும் இணைக்கும் குழாய் மூட்டில் விரிசல் விழுகிறது. அதில் கசியும் நீர் மண்ணை மேலும் உப்பவைக்கிறது. பைல் போடாதவர்கள் வானம் தோண்டி மணலோ கிராவலோ கொட்டுவது வழக்கம். நீர் இறங்காத களிக்குள் மணல் நிரப்பினால், அஸ்திவாரத்தைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டி கட்டியதாகவே முடியும்.

உறிஞ்சுகுழிக்கு வருவோம். 1 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் ஆழமும் உள்ள உறைக்குழியின் பக்கச்சுவர்ப் பரப்பு ஏறத்தாழ 9.4 சதுர மீட்டர். வடிவமைப்புக் கணக்கில் மணற்பாங்கான மண் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டரும், இறுகிய களி 10 லிட்டரும் உறிஞ்சுவதாகக் கொள்வர். அதே குழி மணலில் 470 லிட்டரை ஏற்கும். களியில் 94 லிட்டரோடு நின்றுவிடும். உப்பும் கரிசலில் அதுவும் ஐயமே. ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு ஆளுக்கு 55 லிட்டர்: ஐந்து பேர் வீட்டுக்கு 275. அதில் 80 விழுக்காடு கழிவாகும் என்ற வழக்கமான கணக்கில் 220 லிட்டர். குழாயில் தண்ணீர் வரவர இந்த இடைவெளி கூடுமே தவிரக் குறையாது. உறிஞ்சுகுழி குடியிருப்பிலிருந்து 6 மீட்டரும் கிணற்றிலிருந்து 18 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்கிறது விதி. மூன்று சென்ட் மனையில் வீடு போக 6 மீட்டருக்கு எங்கே போவது?

மண் உறிஞ்சும் திறனைச் சோதிக்கும் பருவமும் ஏமாற்றும். சித்திரையில் தோண்டிய குழியில் ஊற்றும் நீர் வெடிப்புகள் வழியே விர்ரென்று இறங்கிவிடும். அதே குழி கார்த்திகையில் தேங்கி நிற்கும். முதல் நாளே நீர் நிறைத்து மண்ணை ஊறவிட்ட பிறகு அளக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். சோப்புத் தண்ணீரின் சோடியம் வேறு களித்துகள்களைப் பிரித்துக் கலைத்து, இருக்கும் துளைகளையும் அடைக்கிறது.

ஆகவே கரிசலில் கழிவுநீரைக் கீழே அனுப்புவதைவிட மேலே அனுப்புவது பொருத்தம். செடியும் வெயிலும் நாளுக்கு 5 மி.மீ. நீரை எடுத்துக்கொள்கின்றன என்று வைத்தால், 220 லிட்டருக்கு 44 சதுர மீட்டர் போதும். அதாவது ஒரு சென்ட்டுக்குச் சற்று மேல். ஆனால் அந்தப் பாத்தியைச் சுவரோரம் போட்டால் உறிஞ்சுகுழி செய்யும் கேட்டையே அதுவும் செய்யும். மரத்தைச் சுவரோரம் வைத்தால் கேடு தலைகீழாக வரும்: வேர் ஈரத்தை இழுக்க, மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கும். 1976 வறட்சியில் தென் இங்கிலாந்தின் களிமண் வீடுகள் பலவற்றில் நேர்ந்தது இதுதான். சோடியம் சேரும் பாத்திக்கு அவ்வப்போது ஜிப்சமும் இட வேண்டியிருக்கும்.

மூன்று சென்ட் மனைக்கு இதுவும் பெரிது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கழிப்பறை நீரை மட்டும் பிரித்துவிட்டால் கணக்கே மாறுகிறது. வாளியில் மொண்டு ஊற்றும் கழிப்பறைக்கு ஆளுக்கு 10 லிட்டர் என்றால் வீட்டுக்கு 50. களியிலும் 5 சதுர மீட்டர் பரப்பு போதும். அந்த அளவுக்கு, சுற்றிலும் மணல் நிரப்பிய இரட்டைக் குழி கரிசலிலும் தாக்குப்பிடிக்கலாம். மீதி 170 லிட்டர் குளியல், சமையல் நீருக்கு 34 சதுர மீட்டர் பாத்தி வேண்டும். அதைத் தெருவோடு பொதுவாக அமைப்பது ஊராட்சியால் ஆகக்கூடியதே. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் பாத்தி எதையும் குடிக்காது. அந்த இரண்டு மாத நீருக்கு வடிகால் கட்டியே தீர வேண்டும்; அந்தச் செலவை வீட்டுக்காரர் தலையில் வைப்பது நியாயமாகாது.