கோத்னா: ஆசான் இல்லாதவர்களின் ஓவியமா?

ஓவியக் கண்காட்சிகளில் சில பெயர்களுக்குக் கீழே மட்டும் 'சுயமாகக் கற்றவர்' என்று எழுதியிருப்பார்கள். பாராட்டாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் கல்லூரி வாசல் யாருக்கு மூடியிருந்ததோ அவர்களுக்கே இந்த அடைமொழி அதிகம் வாய்க்கிறது. பீகாரின் மதுபனி மாவட்டம் ஜித்வார்பூர் கிராமத்துத் துசாத் பெண்களின் வரலாறு இந்த இடத்தில் நமக்குத் தேவைப்படுகிறது. துசாத்துகள் அங்கே பட்டியல் சாதியினர். இன்று பாஸ்வான் என்ற பெயரில் நாம் அதிகம் கேள்விப்படுகிறோம்.

1934 நிலநடுக்கத்தில் இடிந்த வீடுகளின் உட்சுவர்களில்தான் டபிள்யூ.ஜி. ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அதிகாரி மிதிலை ஓவியங்களைக் கண்டார். 1949இல் 'மார்க்' இதழில் அவற்றைப் பற்றி எழுதினார். அவர் எழுதியது பார்ப்பனர், காயஸ்தர் வீட்டுச் சுவர்களை. பிறகு 1966-67 பஞ்சம். நிவாரணமாக, அகில இந்திய கைவினை வாரியம் பாஸ்கர் குல்கர்னியைக் காகிதத்தோடு அனுப்பியது. வரைந்தால் காசு. முன்னணிக்கு வந்த பெயர்கள் மீண்டும் அதே இரண்டு சாதிகளிலிருந்துதான் வந்தன. பஞ்சத்தில் முதலில் பட்டினி கிடந்தது எந்தத் தெரு என்று நாம் சொல்லவா வேண்டும்?

1970களில் எரிகா மோசர் என்ற ஜெர்மன் மானுடவியலாளர் துசாத் பெண்களை வரையச் சொல்லி ஊக்கப்படுத்தினார். எதை வரைவது? சானோ தேவியும் மற்ற பெண்களும் தங்கள் தோலில் இருந்ததையே எடுத்துக் காகிதத்தில் வைத்தார்கள். கோத்னா என்றால் பச்சை குத்துவது. விளக்குக் கரியில் மை, மூங்கில் குச்சியில் பேனா. பூ, மீன், விலங்கு, மனித உருவம் எல்லாம் சின்னச் சின்னதாக, வரிசை வரிசையாக, வட்டத்துக்குள் வட்டமாக. அதே ஊரில் சமார் சாதியைச் சேர்ந்த ஜமுனா தேவி காகிதத்தில் சாணநீர் பூசி, அதன்மேல் வரைந்தார். மண்சுவரின் நிறம் காகிதத்துக்கு வந்தது. இன்று மதுபனி ஓவியம் என்று விற்பவற்றில் பலவற்றுக்கு அந்தச் சாண நிறம்தான் அடையாளம்.

யானைமேல் வரும் ராஜா சல்ஹேஸ் துசாத்துகளின் வீரன், தெய்வம். வாய்ப்பாட்டில் இருந்த அவன் கதையும் காகிதத்தில் ஏறியது.

சரி, இவர்கள் ஆசான் இல்லாமல் கற்றவர்களா? ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்தியவர்கள் நட் சமூகத்துப் பெண்கள். நம்மூரில் குறத்தி குத்திய பச்சை போல. ஆசான் இருந்தாள், அவள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். கடைக்காரர்களோ பர்னி, கச்னி, கோத்னா என்று 'பாணி' பிரித்து விற்கிறார்கள். பார்ப்பனர், காயஸ்தர், துசாத் என்பதைத்தான் அப்படி நாகரிகமாகச் சொல்கிறார்கள்.

தோலிலிருந்து காகிதத்துக்கு வந்ததைப் போல, இப்போது திரைக்கு வருகிறோம். பாட்னாவின் மால்விகா ராஜ் மதுபனிக் கோடுகளில் புத்தரையும் அம்பேத்கரையும் வரைகிறார். ஒடிசாவின் ராஹி புண்யஸ்லோகா 'ஆர்டேத்கர்' என்ற பெயரில் இன்ஸ்டாகிராமில் டிஜிட்டல் ஓவியங்கள் போடுகிறார்.

நம் பாட்டிமார் கைகளிலும் பச்சைக் கோலங்கள் மங்கிக்கொண்டிருக்கின்றன. எல்லோரிடமும் கைப்பேசி இருக்கிறது. படம் எடுப்போம். எடுக்கும்போது, குத்திவிட்டவள் யார், எந்த ஊர்க்காரி என்பதையும் கேட்டு எழுதிக்கொள்வோம்.