சாகாத ஆடும் டெலிட் ஆகற வவுச்சரும்

ஆடிட்டர் ஆபீஸ்ல சாஃப்ட்வேர் எப்படி நுழைஞ்சுது? இதான் இன்னிக்கு எபிசோட். போரான டாபிக்னு தோணும், கொஞ்சம் பொறுங்க. இதுக்குள்ள ஒரு பழைய கேள்வி இருக்கு: ஒருதரம் எழுதின கணக்கை யார் மாத்தலாம், மாத்தினது வெளியே தெரியணுமா? பதிலை திருவண்ணாமலைல இருந்து தேடுவோம்.

அருணாசலேசுவரர் கோவில் சுவர்கள்ல சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைய இருக்கு. அந்தக் காலக் கல்வெட்டுகள்ல அடிக்கடி வர்ற ஒரு கொடை நந்தா விளக்கு, அதாவது அணையாம எரியற விளக்கு. வழக்கமான கணக்கு, ஒரு விளக்குக்கு 96 ஆடு. ஆடுகளை இடையர்கிட்ட ஒப்படைப்பாங்க, அவர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்கணும். அந்த ஆடுகளுக்குப் பேர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாது, கிழடும் ஆகாது. நிஜ ஆடு சாகும்தான். குட்டிகளை வச்சு எண்ணிக்கையை ஈடுகட்டறது இடையர் பொறுப்பு. ஏட்டுல எப்பவும் 96. முதல் குறையவே குறையாது, வருமானம் நெய்யா வந்துட்டே இருக்கும். யார் கொடுத்தது, யார்கிட்ட இருக்கு, தினம் எவ்வளவு வரணும், எல்லாம் ஊரே பார்க்கற சுவர்ல இருக்கு. திருத்தணும்னா உளியோடதான் வரணும்.

காகிதம் வந்தப்புறமும் அந்தக் குணம் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. நாள்வழி, பேரேடு, ஐந்தொகைன்னு கணக்குப்பிள்ளை மையில எழுதுவார். தப்பாயிட்டா சுரண்டக் கூடாது. ஒரு கோடு போட்டு அடிக்கணும், அடிச்ச எண் படிக்கற மாதிரி இருக்கணும். இல்லன்னா எதிர்ப்பதிவு போடணும். 1939-ல ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு, இந்தியாவுலயே முதல்முறையா பொது விற்பனை வரி கொண்டு வந்துச்சு. அன்னிலேர்ந்து கடை நோட்டை முதலாளி மட்டும் இல்ல, வரி அதிகாரியும் புரட்டிப் பார்க்க ஆரம்பிச்சார்.

இப்போ 1980-கள், பெங்களூரு. ஷியாம் சுந்தர் கோயங்கா மில்களுக்குத் தேவையான பொருட்களையும் இயந்திர பாகங்களையும் சப்ளை பண்றவர். அவர் கணக்குக்கு ஏத்த சாஃப்ட்வேர் கிடைக்கல. கணிதம் படிச்ச பையன் பரத் கோயங்காவை, நீயே எழுதுன்னுட்டார். 1986-ல பியூட்ரானிக்ஸ் ஆரம்பிச்சுது. டாஸ்ல ஓடின அந்த புரோகிராமுக்கு 1988-ல டாலின்னு பேர் வந்துச்சு.

டாலி ஏன் ஜெயிச்சுது? அப்போ இருந்த பல புரோகிராம்கள்ல ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கோட் நம்பர். ரொக்கத்துக்கு ஒரு நம்பர், முருகன் ஸ்டோர்ஸுக்கு ஒரு நம்பர்னு பட்டியலை மனப்பாடம் பண்ணணும். டாலி கோடையே தூக்கிருச்சு. பேரை அடிச்சா போதும், பேரேட்டுல இருக்கற அதே பேர். எஃப்5 பட்டுவாடா, எஃப்6 வரவு, எஃப்8 விற்பனை. மவுஸைத் தொடவே வேணாம். நாங்க ஐடி-ல யூசர் எக்ஸ்பீரியன்ஸ்னு ஸ்லைடு போட்டுப் பேசறோம், இவங்க கணக்குப்பிள்ளையோட விரலைப் பார்த்து வேலையை முடிச்சுட்டாங்க.

ஆனா சாஃப்ட்வேர் வாங்கறது வேற, பயன்படுத்தறது வேற. தமிழ்நாட்டுல 2007 ஜனவரி 1-ல வாட் வந்தப்புறம் சின்ன ஊர் ஆபீஸுக்கும் டாலி இல்லாம முடியாதுன்னு ஆச்சு. இருந்தும் பல இடத்துல அது டைப்ரைட்டர் வேலைதான் பார்த்துச்சு. வருஷக் கடைசியில கடைக்காரர் மஞ்சப்பையில பில்லு கொண்டாந்து கொட்டுவார், பி.காம் முடிச்ச ஒரு பொண்ணு உட்கார்ந்து மொத்த வருஷத்தையும் அடிப்பாங்க. கணக்கு முடிவெடுக்க உதவல, ரிட்டர்ன் போட மட்டும்தான்.

இதை உடைச்சது ஜிஎஸ்டி. 2017 ஜூலை 1-ல அது வந்துச்சு. உண்மையான அடி 2022 ஜனவரி 1-ல. அன்னிலேர்ந்து, விற்றவர் தன் ரிட்டர்ன்ல காட்டின பில்லுக்கு மட்டும்தான் வாங்கினவருக்கு வரிக் கழிவு. தேரடி வீதியில ஒரு பெயின்ட் கடைன்னு வச்சுக்கோங்க. சென்னை மொத்த வியாபாரிகிட்ட ஒரு லட்சத்துக்குச் சரக்கு, 18 சதவீத வரி 18,000 ரூபாய். அந்த வியாபாரி பில்லை ஏத்தலன்னா, இந்த 18,000 ரூபாய்க்குக் கழிவு எடுக்க முடியாது. மாசாமாசம் ஒப்பிட்டுப் பார்த்து போன் போட்டுக் கேட்டாத்தான் காசு. மஞ்சப்பை இதுக்குத் தாங்காது.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். பழைய டாலியில ஆல்ட்+டி அழுத்தினா வவுச்சர் காலி. தானியங்கி எண் வச்சிருந்தா, பின்னாடி இருக்கற வவுச்சர் எண்களெல்லாம் ஒரு படி முன்னால நகர்ந்து ஓட்டையையும் மூடிரும். மாற்றத்தைக் கண்காணிக்கற வசதி இருந்துச்சு, வேணும்னா ஆன் பண்ணிக்கலாம். எத்தனை பேர் பண்ணியிருப்பாங்க? பெரிய கம்பெனி மட்டும் ஒழுங்கான்னா அதுவும் இல்ல. 2009 ஜனவரியில வெடிச்ச சத்யம் மோசடியில, பில்லிங் சிஸ்டத்துல சூப்பர் யூசர் லாகின் வழியா போலி பில்களை மறைச்சு வச்சது விசாரணையில வந்துச்சு.

2021-ல மத்திய அரசு விதியை மாத்துச்சு: கம்பெனிகளோட கணக்கு சாஃப்ட்வேர் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோட பதியணும், அதை அணைக்க முடியக் கூடாது. ரெண்டு தடவை தள்ளிப்போட்டு 2023 ஏப்ரல் 1-ல அமலாச்சு. டாலியும் இதுக்காக எடிட் லாக்னு தனிப் பதிப்பே விட்டுச்சு. அடிச்ச எண்ணைப் படிக்கத் தெரியணும்ங்கற கணக்குப்பிள்ளை வழக்கம் கம்ப்யூட்டர்ல சட்டமாக இத்தனை வருஷம்.

ஆனா இந்த விதி கம்பெனிகளுக்கு மட்டும். திருவண்ணாமலை மாதிரி ஊர்ல லாட்ஜ், அரிசி மில், ஆரணி பட்டு வியாபாரம்னு எடுத்தா நிறைய பேர் தனி உரிமையாளர் இல்லன்னா கூட்டு வியாபாரம். அவங்களைச் சட்டம் கட்டாயப்படுத்தல, ஆடிட்டர் சொன்னாத்தான் உண்டு. என் கேட்டா, ஆன் பண்ணுங்கன்னுதான் சொல்வேன். பங்காளிகளுக்குள்ள சண்டை வர்ற அன்னிக்கு, மார்ச் 31 இருப்பை ஜூன்ல யார் மாத்தினாங்கன்னு காட்ட வேற சாட்சி கிடையாது.

ஆபீஸ் வச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு. எடிட் லாக் பதியறது யூசர் பேரைத்தான். ஆறு பேரும் 'அட்மின்'னு ஒரே லாகின்ல உட்கார்ந்தா, லாக் முழுக்க அட்மின் அட்மின்னுதான் இருக்கும். ஆளுக்கொரு யூசர் ஐடி போட பத்து நிமிஷம் போதும்.

அடுத்த எபிசோட்ல, கோவில் கணக்கு வருஷம் ஏன் ஏப்ரல்ல இல்லாம ஜூலை 1-ல ஆரம்பிக்குதுன்னு பார்ப்போம். ஃபசலி பத்தின கதை அது.